பிஸ்டோரியஸ் வழக்கில் "திருடன் என்று நினைத்துச் சுட்டேன்" என்பது தற்காப்பு ஆகாதா? தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், இங்கே வேலை கிடைத்து, குடும்பத்தோடு வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் போலத் தெரிகிறது. "பயத்தில் சுட்டவனைக் கொலைகாரன் என்பது என்ன நியாயம், அந்த ஊர் நிலைமை தெரியாமல் பேசலாமா" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். ஊர் நிலைமை எனக்குத் தெரியும். குடியாத்தத்தில் பிறந்து, 2007-ல் கல்யாணமாகி டர்பனுக்கு வந்தவள் நான். இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். என் பதில்: ஆகாது. இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கு என் வீட்டு பாத்ரூம் கதவுதான் காரணம். அதற்கு வருகிறேன்.

முதலில் வழக்கு. 2013 பிப்ரவரி 14 அதிகாலை, பிரிட்டோரியாவில் தன் வீட்டில், பூட்டியிருந்த டாய்லெட் கதவு வழியாக ஆஸ்கார் பிஸ்டோரியஸ் நாலு முறை சுட்டார். முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களும் இல்லாமல், செயற்கைக் கால்களோடு ஓடிப் புகழ்பெற்ற ஓட்டக்காரர் அவர். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். சட்டம் படித்த பெண், மாடலிங் செய்துகொண்டிருந்தார், 29 வயது. பிஸ்டோரியஸ் சொன்னது இது: பாத்ரூம் ஜன்னல் நகரும் சத்தம் கேட்டது, செயற்கைக் கால்களை மாட்டாமல் இருந்தேன், துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனேன், போலீசைக் கூப்பிடு என்று ரீவாவிடம் கத்தினேன், அவள் படுக்கையில் இருக்கிறாள் என்றே நினைத்தேன், கதவுக்குப் பின்னால் ஏதோ அசைந்ததும் சுட்டுவிட்டேன். அரசு வழக்கறிஞர் கெரி நெல் இதை நம்பவில்லை. இருவருக்கும் சண்டை, அவள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள், தெரிந்தேதான் சுட்டார் என்று வாதாடினார்.

இங்கே ஜூரி கிடையாது, 1969-லேயே எடுத்துவிட்டார்கள். நீதிபதி தோகோசிலே மசிப்பா இரண்டு உதவியாளர்களோடு உட்கார்ந்து விசாரித்தார். 2014 மார்ச்சில் விசாரணை ஆரம்பித்தபோது அதற்கென்றே 24 மணி நேர டிவி சேனல் ஒன்று வந்தது. சலூனில், மளிகைக் கடையில், கோயில் அன்னதானப் பந்தியில்கூட இதே பேச்சு. 2014 செப்டம்பரில் மசிப்பா கொடுத்த தீர்ப்பு: கொலை இல்லை, கவனக்குறைவால் உண்டாக்கிய மரணம். தண்டனை 5 வருஷம். 2015 டிசம்பரில் புளூம்ஃபொன்டெய்னில் இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அதைக் கொலை என்று மாற்றினார்கள். பிறகு 6 வருஷம் என்றானது, 2017-ல் அது 13 வருஷம் 5 மாதம் ஆனது. 2024 ஜனவரி 5 அன்று பரோலில் வெளியே வந்தார்.

இதில் நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. உள்ளே இருப்பது ரீவா என்று தெரிந்தே சுட்டார் என மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லவில்லை. கதவுக்குப் பின்னால் இருந்தது யாராக இருந்தாலும் சரி, திருடனாகவே இருந்தாலும் சரி, அவ்வளவு சின்ன அறைக்குள் நாலு குண்டு போனால் அந்த ஆள் செத்துப்போகலாம் என்பது சுட்டவருக்குத் தெரிந்திருக்கும், தெரிந்தும் சுட்டார், அதனால் கொலை என்றது. டோலஸ் இவென்சுவாலிஸ் என்று இதற்கு ஒரு லத்தீன் பெயர். அந்த வருஷம் இங்கே எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட அந்த வார்த்தையைச் சொன்னது.

தற்காப்பு என்றால் இந்த நாட்டுச் சட்டத்தில் என்ன என்று எங்கள் தெருவில் இருக்கும் ஒரு வக்கீல் அம்மா அப்போது எனக்குச் சொன்னார். தாக்குதல் நடந்துகொண்டிருக்க வேண்டும், அல்லது இதோ நடக்கப்போகிறது என்ற நிலை இருக்க வேண்டும். தடுப்பதற்கு வேறு வழி இருக்கக்கூடாது. ஆபத்தின் அளவுக்குத்தான் எதிர்ப்பும் இருக்க வேண்டும். ஆபத்தே இல்லாமல், இருக்கிறது என்று ஒருவர் உண்மையாகவே நம்பிச் சுட்டிருந்தால், அது தனிக் கணக்கு. அதைக் கொலை என்று சொல்ல முடியாமல் போகலாம். ஆனால் நம்பினேன் என்று வாயால் சொன்னால் போதாது, எதை வைத்து நம்பினீர்கள் என்று காட்ட வேண்டும். பிஸ்டோரியஸ் யாரையும் பார்க்கவில்லை. யாரும் கதவைத் திறந்துகொண்டு வரவில்லை. எச்சரிக்கைக்கு ஒரு குண்டைக்கூட வேறு பக்கம் சுடவில்லை.

நான் வக்கீல் இல்லை, தப்பு இருந்தால் படித்தவர்கள் திருத்துங்கள். ஆனால் "நீ கொள்ளைக்காரன் முகத்தைப் பார்த்ததில்லை, அதனால் பேசுகிறாய்" என்று மட்டும் யாரும் சொல்ல வராதீர்கள். பார்த்திருக்கிறேன். 2010, உலகக் கோப்பை இங்கே நடந்த வருஷம். காரை வீட்டுக்குள் விடுவதற்காக கேட் திறக்கக் காத்திருந்தோம். இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் துப்பாக்கியை என் கழுத்துக்குக் கீழே வைத்து அழுத்தினான், இன்னொருவன் தாலிச் சங்கிலியை இழுத்தான். அறுபடவில்லை. நானே கழற்றிக் கொடுத்தேன். கை நடுங்கியதில் கொக்கி வரவில்லை, அதற்கு அவன் திட்டினான். பின் சீட்டில் எட்டு மாதக் குழந்தை. அந்தத் துப்பாக்கி முனையின் குளிர்ச்சி இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

அதற்கப்புறம்தான் என் வீட்டுக்காரர் துப்பாக்கி வாங்கினார். இங்கே அது சுலபம் இல்லை. பயிற்சி எடுத்து, தகுதிச் சான்றிதழ் வாங்கி, பாதுகாப்புப் பெட்டி இருக்கிறதா என்று போலீஸ் பார்த்த பிறகுதான் லைசென்ஸ். மாதக்கணக்கில் ஆனது. வாங்கிய அன்று எனக்கு நிம்மதியாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

இப்போது அந்த ராத்திரி. 2019 டிசம்பர். லோட்ஷெட்டிங் உச்சத்தில் இருந்த வாரம். அப்போதெல்லாம் நேரம் வைத்துக் கரண்ட்டை நிறுத்துவார்கள், நள்ளிரவு என்றும் பார்க்க மாட்டார்கள். தெரு முழுக்க இருட்டு, அலாரம் பேட்டரியும் தீர்ந்து கத்திக் கத்தி ஓய்ந்துவிட்டது. அந்த வாரம்தான் எங்கள் தெருவில் இரண்டு வீட்டில் ஜன்னல் கம்பியை வளைத்து உள்ளே வந்திருந்தார்கள். ஒரு வீட்டில் பெரியவரைக் கட்டிப் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு மணி இருக்கும், பாத்ரூம் பக்கம் ஏதோ உலோகம் விழுந்த சத்தம்.

அவர் எழுந்துவிட்டார். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. "நீ பையனிடம் போ" என்றார். பாத்ரூம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. "யார் அது?" என்று இங்கிலீஷில் கத்தினார். பதில் இல்லை. ஜூலு மொழியில் கத்தினார். பதில் இல்லை. உள்ளே ஆள் நகர்வது மட்டும் கேட்டது. "சுடப்போகிறேன்" என்றார். அதற்கும் பதில் இல்லை. செல்போன் வெளிச்சத்தில் அவரைப் பார்த்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் கதவின் நடுவில் நீட்டிக்கொண்டு நிற்கிறார். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, துடைக்கக் கையில்லை. மூன்று தடவை கேட்டும் பேசாதவன் நிச்சயம் திருடன் என்றுதான் நானும் நினைத்தேன். இதை எழுதும்போதே கை கூசுகிறது, ஆனால் நினைத்தேன்.

பையன் அறைக்குப் போகிற வழியில் அத்தை அறை. என் மாமியார். அந்த மாதம் மூத்த மகன் வீட்டிலிருந்து எங்களிடம் வந்திருந்தார்கள். அவர்களை எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய்ப் பையனோடு உள்ளே பூட்டிக்கொள்ளலாம் என்று நுழைந்தேன். கட்டிலைத் தடவினேன். போர்வை சுருண்டு கிடந்தது. அதற்கடியில் மெத்தை சூடாக இருந்தது. ஆள் இல்லை. தலையணைக்குப் பக்கத்தில் ஸ்டூல் மேல் காது மெஷின்.

"அம்மாதான், அம்மாதான்" என்று எந்த மொழியில் கத்தினேன் என்று தெரியவில்லை. அவர் கையைக் கீழே இறக்கினார். இறக்கிய கை ஆடியது. கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. அத்தை ஒரு கையில் சொம்போடு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நான்கு தலைமுறையாக இங்கே இருக்கும் குடும்பம், என் வீட்டுக்காரருக்குத் தமிழ் பாதிதான் வரும், ஆனால் அத்தைக்கு எங்கள் வட ஆற்காட்டுப் பேச்சு அப்படியே இருந்தது. என் கையிலிருந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கேட்டார்கள்: "இன்னாம்மா, லைட்டு வந்துடுச்சா?"

மெஷின் போடாமல் அவர்களுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. அது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அத்தை வீட்டில் இருப்பதும் தெரியும். அந்த இரண்டு நிமிஷம் இருவருக்குமே அது நினைப்பில் வரவில்லை. பயம் அப்படித்தான் செய்யும். அதனால்தான் பிஸ்டோரியஸ் பயந்தேன் என்று சொன்னதைப் பொய் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. பயந்திருக்கலாம். ஆனால் படுக்கையைத் தடவிப் பார்க்கக் கை நீட்டினால் போதும். பதில் சொல்லாத ஒருவர் நம்மைத் தாக்கவில்லை, பதில்தான் சொல்லவில்லை. அவர் செவிடாக இருக்கலாம், பயத்தில் வாய் அடைத்துப் போயிருக்கலாம், திருடவே வந்து மாட்டிக்கொண்டு நடுங்கும் பதினாறு வயதுப் பையனாக இருக்கலாம். கதவு சாத்தியிருக்கிறது. நம் கையில் துப்பாக்கி இருக்கிறது. பின்னால் நகர்ந்து போக வழி இருக்கிறது. அங்கே நின்று சுட்டால் அது தற்காப்பு இல்லை.

இங்கே இது முதல் தடவையும் இல்லை. 2004-ல் முன்னாள் ரக்பி வீரர் ஒருவர், விடியற்காலையில் காரைத் திருடிக்கொண்டு போகிறார்கள் என்று நினைத்து ஜன்னலிலிருந்து சுட்டார். காரில் இருந்தது அவருடைய சொந்த மகள், 19 வயது. அவர் மேல் வழக்கு நடத்தவில்லை, பட்டது போதும் என்று விட்டுவிட்டார்கள். அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. சுட்ட ஒரே குண்டை அவர் எத்தனை ஆயிரம் ராத்திரி திரும்பக் கூப்பிட்டிருப்பார்.

அன்றைக்கு அத்தையை நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. என்ன நடந்தது என்று அவர்களுக்குக் கடைசி வரை தெரியாது. என் வீட்டுக்காரர் விடிகிற வரை சமையலறையில் உட்கார்ந்திருந்தார். அப்போது துப்பாக்கிகளைத் திரும்ப ஒப்படைக்க அரசு பொதுமன்னிப்புக் காலம் ஒன்றை அறிவித்திருந்தது, டிசம்பரில் தொடங்கி 2020 மே வரை. ஜனவரியில் போலீஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீதோடு வந்தார்.

இதற்காக அவர் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சம் இல்லை. 2021 ஜூலையில் முன்னாள் அதிபர் ஜூமாவைச் சிறையில் போட்டதும் கலவரம் வெடித்து, டர்பன் கடைகள் எரிந்தபோது, எங்கள் தெருக்காரர்கள் தெரு முனையில் டயரைப் போட்டுக் காவல் நின்றார்கள். என் வீட்டுக்காரரும் கம்போடு நின்றார். "துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு இப்போது எங்கள் பின்னால் ஒளிகிறாயா" என்று தெரு வாட்ஸப் குழுவில் ஒருவர் எழுதினார், இருபது பேர் கட்டைவிரல் போட்டார்கள். அதே வாரம், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸில் 36 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள். சிலர் தங்கள் ஊருக்குப் போகிற வழியில் மறிக்கப்பட்டவர்கள். அங்கே காவல் நின்றவர்களும் தற்காப்பு என்றுதான் சொன்னார்கள். அந்தப் பகுதியில் இருப்பவர்கள் எல்லாரையும் நான் குற்றம் சொல்லவில்லை. எனக்குச் சொந்தம் அங்கே இருக்கிறது, போலீஸ் வராத அந்த நாட்களில் அவர்கள் தூங்காமல் நடுங்கியது உண்மை. ஆனால் நடந்து போனவனைச் சுட்டதற்கு அந்த நடுக்கம் பதில் ஆகாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்கள் யாருமே "எப்படி இருக்கிறாய்" என்று தொடங்குவதில்லை. "அங்கே கருப்பனுங்க ரொம்ப மோசமாமே" என்றுதான் தொடங்குகிறார்கள். எட்டு மாதக் குழந்தையோடு தெருவில் நின்று நான் அழுதபோது, தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த அம்மா ஒரு ஜூலுக்காரர். இதைப் பத்து தடவை சொல்லியிருக்கிறேன், ஒருவர் காதிலும் ஏறவில்லை. பிஸ்டோரியஸ் வழக்கிலும் இது இருந்தது. "திருடன்" என்று சொன்னதும் எல்லார் மனதிலும் எழுந்த முகம் ஒன்றுதான். அந்த முகத்துக்காரன் உள்ளே இருந்திருந்தால் நாலு குண்டு சரிதான் என்பதுபோலப் பேசினார்கள். யாராக இருந்தாலும் கொலைதான் என்று அந்த ஐந்து நீதிபதிகள் எழுதியதை நான் மதிப்பது இதற்காகவும்தான்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். வருவதென்றால் வாருங்கள், இங்கே நல்லபடியாக வாழலாம். கேட் திறக்கும்போது முன்னும் பின்னும் பாருங்கள், நகையைக் கழற்றி வையுங்கள். துப்பாக்கி வாங்கச் சொல்லிப் பலர் சொல்வார்கள், அது உங்கள் முடிவு. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்தோம்: ராத்திரி யார் எழுந்தாலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். 2022-ல் அத்தை தவறிப் போகும் வரை அவர்கள் அறையில் ஒரு சின்ன மின்விளக்கு பேட்டரியில் எரிந்துகொண்டே இருந்தது. அந்த எட்டு மாதக் குழந்தை இப்போது என்னைவிட உயரம். இன்றைக்கும் நடுராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால், என் அறைக் கதவை ஒருமுறை தட்டி, "மா, நான்தான்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான்.