பெஷ்: பழமும் மீன்பிடிப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரெஞ்சு படித்து வருகிறேன். ‘பெஷ்’ என்றால் பீச் பழம். மீன்பிடிப்புக்கும் அதே சொல், எழுத்துகூட மாறவில்லை. இரண்டுக்கும் உறவு உண்டா? பக்கத்து ஸ்பெயினில் மட்டும் இந்தப் பழம் ‘மெலொகொத்தோன்’ ஆனது எப்படி?

ஒரு வாசகர், புதுச்சேரி

அன்புள்ள நண்பருக்கு,

உறவே இல்லை. இரு வேறு லத்தீன் சொற்கள் தேய்ந்து ஒரே உருவில் வந்து நிற்கின்றன.

ரோமானியர் பழத்துக்கு இட்ட பெயர் ‘மாலும் பெர்ஸிகும்’, அதாவது பாரசீக ஆப்பிள். பீச்சின் தாயகம் சீனா. ஆனால் வந்த வழியின் பெயரே ஒட்டிக்கொண்டது. பேச்சில் ‘மாலும்’ உதிர்ந்தது. ‘பெர்ஸிகா’ என்ற பன்மையைப் பெண்பால் ஒருமையாக எடுத்துக்கொண்டார்கள். ரகரம் கரைந்து ‘பெஸ்ஸிகா’, நடு இகரமும் விழுந்து பழைய பிரெஞ்சில் ‘பெஸ்ஷெ’. பிறகு ஸகரமும் போயிற்று. அது இருந்ததற்கு அடையாளம்தான் உயிரெழுத்தின் தலைமேல் நீங்கள் பார்க்கும் கூரை. மீன்பிடிப்பு ‘பிஸ்காரி’ என்ற வினையின் வழி வந்தது. அங்கும் ஸகரம் மறைந்ததால் அதே கூரை. ‘பாவம் செய்’ என்ற ‘பெஷே’ வேறு: மூலம் ‘பெக்காரே’, அதில் ஸகரம் இல்லை, எனவே கூரை இல்லாமல் சாய்கோடு மட்டும். மாற்றிப் போட்டால் மீன் பிடித்தவர் பாவியாகிவிடுவார்.

இத்தாலியனிலும் இரண்டும் ‘பெஸ்கா’தான். ஆனால் டஸ்கனி உச்சரிப்பில் பழத்தின் எகரத்துக்கு வாய் அகலத் திறக்கும், மீன்பிடிப்பின் எகரத்துக்குக் குறுகும். முன்னது லத்தீன் குறில் எகரத்தின் வாரிசு, பின்னது இகரத்தின் வாரிசு. எழுத்தில் இது தெரியாது. ருமேனியனின் ‘பியெர்சிகெ’ ரகரத்தை விடவே இல்லை. கட்டலானில் அது முன்னால் தாவி ‘பிரெசெக்’ ஆனது.

ஸ்பானியத்துக்கு வருவோம். ‘மாலும் கொத்தோனியும்’ லத்தீனில் பேரிக்காய்க்கு உறவான குவின்ஸ் பழத்தின் பெயர். அதுதான் பீச்சுக்கு இடம் மாறி ‘மெலொகொத்தோன்’ ஆனது. குவின்ஸுக்கு ‘மெம்பிரில்யோ’ என்று வேறு பெயர் வந்தது. குவின்ஸ் மரத்தில் பீச்சை ஒட்டுக்கட்டியதால் வந்த பெயர் என்று பழைய விளக்கம் ஒன்று உண்டு. பேரிக்காய் குவின்ஸில் நன்றாக ஒட்டும், பீச் ஒட்டாது. அதனால் இரண்டின் தோலிலும் உள்ள பூனைமயிர்தான் காரணம் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

மெக்சிகோவிலும் அர்ஜென்டினாவிலும் ‘துராஸ்னோ’ என்று கேளுங்கள். ‘துராகினுஸ்’, கெட்டிப் பழம் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஸ்பெயினில் அரபு ‘அல்’ ஒட்டிய ‘அல்பெர்ச்சிகோ’வும் உண்டு. அதுவும் ‘பெர்ஸிகும்’ வழிதான். ஆனால் சில ஊர்களில் அதைக் கேட்டால் கையில் ஆப்ரிகாட்டைத் தருவார்கள்.