வீட்டுக்காரருக்கு எதற்கு ஆதார் நகல்?

கேள்வி: வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போனோம். குடும்பத்தில் எல்லோருடைய ஆதாரையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார் வீட்டுக்காரர். எனக்குத் தயக்கம். “மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது, அனுப்பிவிடு” என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அனுப்பாதீர்கள், சகோதரி. குடிவருகிறவர் யார் என்று வீட்டுக்காரர் கேட்பது நியாயம்தான். அதற்கு உங்கள் இருவரின் வாக்காளர் அட்டை போதும். பிள்ளைகளின் ஆதார் அவருக்கு எதற்கு?

2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஆதார் திட்டம் செல்லும் என்றது. மானியத்துக்கும் பான் அட்டைக்கும் ஆதார் கட்டாயம் என்பதையும் ஏற்றது. ஆனால் தனியாரும் ஆதாரைப் பயன்படுத்த இடம்கொடுத்த, ஆதார் சட்டத்தின் 57ஆவது பிரிவின் பகுதியை ரத்து செய்தது. வீட்டுக்காரர் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

வங்கிக் கவுன்டரில் வேலை பார்த்தவள் நான். ஆதார் நகல் கேட்டால், “ஜெராக்ஸ் கடையில் இருக்கும், அங்கேயே எடுத்துக்கோங்க” என்று சொன்ன வாடிக்கையாளர்கள் உண்டு. பிரின்ட் எடுக்க அனுப்பிய ஆதார் பிடிஎஃப் அந்தக் கடைக் கணினியிலேயே கிடக்கும். அதற்குப் பாஸ்வேர்டு இருக்கிறதே என்பார்கள். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த ஆண்டும்தான் அது; தெருவில் உங்களைத் தெரிந்த எவரும் சொல்லிவிடுவார்.

மறைக்க ஒன்றுமில்லை என்கிற உங்கள் கணவரிடம் இதைக் கேளுங்கள்: பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றலாம், கைரேகை திருடுபோனால்? ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை இவை மூன்றும் இருந்தால் ஊரில் இருக்கும் வங்கி ஏஜென்டின் மெஷினில் பணம் எடுக்கலாம், ஓடிபி கிடையாது. பத்திரப்பதிவு ஆவணத்திலிருந்த ரேகையை நகலெடுத்துப் பணம் திருடியவர்கள் பிடிபட்டிருக்கிறார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னது குற்றவாளிகளுக்காக அல்ல, நமக்காக.

ஆதார்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு ஆதார்’, ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் பிரின்ட்டில் ‘வாடகை ஒப்பந்தத்துக்கு மட்டும்’ என்று குறுக்கே எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். அதே தளத்தில் கைரேகையைப் பூட்டவும் வசதி உண்டு. ரேஷன் வாங்கப் போகும் முன் மட்டும் மறக்காமல் திறந்துவிடுங்கள். இல்லையென்றால் கடையில் உங்கள் ரேகை ஏற்காது. சந்தேகம் இருந்தால் ஆணையத்தின் உதவி எண் 1947க்கு போன் செய்து கேளுங்கள்.