ஆறு, நான்கு, மூன்று

அன்புள்ள ஐயா,

நான் ஒஹாயோவில், கொலம்பஸ் நகரில் வேலை பார்க்கிறேன். அமெரிக்கா வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் ஆபீஸில் எங்கள் டீமைச் சின்சினாட்டிக்குப் பேஸ்பால் மேட்ச் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்து கிரிக்கெட் என்றால் உயிர். டெஸ்ட் மேட்சை ஐந்து நாளும் உட்கார்ந்து பார்ப்பவன். இதுவும் பிடித்துவிடும் என்று நம்பித்தான் போனேன். மூன்றாவது இன்னிங்ஸுக்கு மேல் முடியவில்லை. முதல் ஒரு மணி நேரம் யாரும் ஒரு ரன் கூட எடுக்கவில்லை. வருகிறார்கள், மட்டையைச் சுழற்றுகிறார்கள், அவுட்டாகிப் போகிறார்கள். சுற்றியிருந்தவர்கள் பாதி நேரம் சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள்.

பாஸ்டனில் இருந்தபோது பேஸ்பால் பார்க்கப் பழகியதாக ஒரு கட்டுரையில் ஒரே வரியில் சொல்லியிருந்தீர்கள். உங்கள் முதல் மேட்ச் எப்படி இருந்தது? இதில் எதைப் பார்க்க வேண்டும்? நேரம் கிடைத்தால் எழுதுங்கள்.

எஸ்., கொலம்பஸ்

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பழைய ஃபைல் ஒன்றைத் தேடி எடுத்தேன். அதற்குள் நாலாக மடித்த ஒரு அட்டை இருக்கிறது. 2002 ஆகஸ்ட், பாஸ்டன், ஃபென்வே பார்க். நான் பார்த்த முதல் மேட்சின் ஸ்கோர் அட்டை. பென்சில் எழுத்து மங்கிவிட்டது, ஆனாலும் படிக்க முடிகிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

உங்களுக்கு நடந்ததேதான் எனக்கும் நடந்தது. முதல் இரண்டு இன்னிங்ஸ் வரை ஏன் வந்தோம் என்றிருந்தது.

அப்போது ஆல்ஸ்டனில் நண்பர்கள் இருவரோடு தங்கியிருந்தேன். மூன்று டிக்கெட் வாங்கியிருந்தோம். கடைசி நேரத்தில் அவர்கள் இருவருக்கும் ஆபீஸ் வேலை வந்துவிட்டது. சரி, வாங்கிய டிக்கெட் வீணாக வேண்டாம் என்று தனியாகக் கிளம்பினேன். கிரீன் லைன் ரயிலில் கென்மோர் நிலையத்தில் இறங்கினால் யாரிடமும் வழி கேட்க வேண்டாம். தேர் பார்க்கப் போகிற மாதிரி ஜனம் போகும், பின்னாலேயே நடந்தால் போதும். தெருவெல்லாம் வெங்காயம் வதக்கும் வாசனை. ஓட்டோடு வறுத்த வேர்க்கடலையைப் பொட்டலம் போட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். மைதானம் வெளியிலிருந்து பார்த்தால் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பழைய பஞ்சாலை போல இருந்தது, செங்கல் சுவரும் சின்ன வாசலுமாக. 1912 ஏப்ரல் 20ஆம் தேதி திறந்தது. டைட்டானிக் மூழ்கி ஐந்து நாள்தான் ஆகியிருந்தது என்பதால் அன்றைய பத்திரிகைகளில் அந்தச் செய்திக்குப் பெரிய இடம் கிடைக்கவில்லை.

என் இடம் மட்டை பிடிப்பவருக்கு வலப்பக்கமாக உள்ள எல்லைக்குப் பின்னால், மலிவு விலை வரிசைகளில். அங்கிருந்து பார்த்தால் மட்டை பிடிப்பவர் விரல் உயரம்தான் தெரிவார். எனக்கு எதிரே, என் வலப்பக்கத்தில் அந்தப் பெரிய பச்சைச் சுவர், 37 அடி உயரம். பின்னால் தெரு இருப்பதால் மைதானத்தை அந்தப் பக்கம் நீட்ட இடமில்லை, அதனால் சுவரை உயர்த்திவிட்டார்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஸ்கோர் பலகை. உள்ளே ஆட்கள் உட்கார்ந்து எண் தகடுகளைக் கையால் மாட்டுகிறார்கள். சேப்பாக்கத்தில் பள்ளிக்கூடக் காலத்தில் பார்த்த ஸ்கோர் போர்டு நினைவுக்கு வந்தது. அந்த மைதானத்தில் எனக்குத் தெரிந்த முகம் மாதிரி இருந்தது அது ஒன்றுதான்.

பக்கத்து இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். முழங்காலில் அட்டை, கையில் பென்சில். ஒவ்வொரு பந்துக்கும் ஏதோ குறித்துக்கொண்டே இருந்தார். இரண்டாவது இன்னிங்ஸ் முடிவில் என்னைத் திரும்பிப் பார்த்து, "முதல் தடவையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் என்றும் சொன்னேன். "நீங்கள் மட்டையையே பார்க்கிறீர்கள்" என்றார். பையிலிருந்து எழுதாத அட்டை ஒன்றையும் கட்டைப் பென்சில் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார்.

எஸ்., உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தப் பென்சில்தான். விளக்கிச் சொல்கிறேன்.

களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் எண் உண்டு. சட்டை எண் வேறு, இது நிற்கும் இடத்தின் எண். பந்து போடும் பிட்சர் 1. பிடிக்கும் கேட்சர் 2. ஓடுகிறவர் வரிசையாகத் தொட வேண்டிய இடங்களுக்குப் பேஸ் என்று பெயர்; முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்காரர்கள் 3, 4, 5. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. எல்லைப் பக்கம் மூவர் 7, 8, 9. யார் பந்தை எடுத்து யாரிடம் எறிந்து அவுட் ஆனது என்பதை இந்த எண்களால் எழுதிவிடுவார்கள். பெரியவர் எனக்குச் சொன்ன முதல் பாடம்: பந்து வருவதற்கு முன்னால் ஷார்ட்ஸ்டாப்பின் காலைப் பார்.

பார்த்தேன். முதல் பேஸில் எதிரணி ஆள் ஒருவர் நிற்கிறார். பிட்சர் கையைத் தூக்கும்போதே ஷார்ட்ஸ்டாப் முன்பாதத்தில் எழும்பி இடப்பக்கம் ஒரு அடி நகர்ந்துவிட்டார். பந்து தரையில் தட்டி அவர் போன இடத்துக்கே வந்தது. அள்ளினார் என்று கூடச் சொல்ல முடியாது, கையுறையில் பட்டதும் அது இரண்டாம் பேஸுக்குப் போய்விட்டது. அங்கே ஓடி வந்த இரண்டாம் பேஸ்காரர் பேஸை மிதித்த மேனிக்கு, தன் காலை நோக்கிச் சறுக்கி வரும் ஆளைத் தாண்டிக் குதித்து, காற்றில் இருந்தபடியே முதல் பேஸுக்கு எறிந்தார். இரண்டு பேர் அவுட். எல்லாம் சேர்த்து நாலு விநாடிதான் இருக்கும். பெரியவர் என் அட்டையில் விரலை வைத்து, "ஆறு, நான்கு, மூன்று" என்றார். எழுதினேன். அதற்கு முந்தின ஒரு மணி நேரத்திலும் இப்படித்தான் நடந்திருக்கும். நான் மட்டையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் 'அடித்தார், அவுட்' என்று மட்டும்தான் மனதில் பதிந்திருக்கிறது.

அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸுக்குப் பந்து போட்டவர் டிம் வேக்ஃபீல்ட். மற்ற பிட்சர்கள் மணிக்கு 145 கிலோமீட்டருக்கு மேல் போடுவார்கள், இவர் 110ஐத் தொட்டால் அதிகம். நக்கிள்பால் என்று அதற்குப் பெயர். விரல் நுனியால் பிடித்துச் சுழற்சியே இல்லாமல் தள்ளிவிடுவார். சுற்றாத பந்தின் தையலில் காற்று இங்கொரு விதமாகவும் அங்கொரு விதமாகவும் பிடிக்க, அது நூல் அறுந்த பட்டம் போல அசைந்து வரும். எந்தப் பக்கம் விழும் என்று போட்டவருக்கே தெரியாது. அவர் போடும் நாளில் கேட்சர் வழக்கத்தைவிடப் பெரிய கையுறை போட்டுக்கொள்வார். எவ்வளவு பெரிய உடம்புக்காரர்கள் எல்லாம் அந்த மெதுவான பந்துக்கு முன்னாடியே சுழற்றிவிட்டு நின்றார்கள்! சுழல் பந்துக்காரர் சந்திரசேகரின் பந்து வீச்சைப் பற்றி அப்பா சொல்லிக் கேட்டதெல்லாம் எனக்கு அங்கே கண்ணால் பார்க்கக் கிடைத்தது.

இனி, அவுட்டாகிப் போகிறார்கள் என்று நீங்கள் எழுதியது. எனக்கு உண்மையில் சொல்ல இருப்பது இதைப் பற்றித்தான்.

1999 ஜனவரி 31 அன்று நான் சேப்பாக்கத்தில் இருந்தேன். பாகிஸ்தானோடு நடந்த டெஸ்டின் கடைசி நாள். ஜெயிக்க 271 வேண்டும். முதுகு வலியோடு 136 அடித்த டெண்டுல்கர் அவுட்டானபோது இன்னும் 17 ரன்தான் பாக்கி. மீதி மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போய்விட்டன. தோல்வியைக்கூடத் தாங்கிக்கொண்டோம், எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினோம். அந்த மனிதர் இன்னொரு முறை மட்டையோடு உள்ளே வர முடியாது என்பதுதான் தாங்கவில்லை. கிரிக்கெட்டில் அவுட் என்றால் அப்படி. ஒரு விக்கெட் விழுந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி உட்காரப் பழகியவர்கள் நாம்.

அந்தப் பழக்கத்தோடு பேஸ்பால் பார்த்தால், இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் வீதம் ஒன்பது இன்னிங்ஸில் ஒரு அணிக்கு 27 இழவு. சலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் அங்கே அவுட்டானவர் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, அரை மணியோ முக்கால் மணியோ கழித்துத் திரும்பி வருகிறார். ஒரு மாலையில் நாலு முறை வருகிறார். பத்துக்கு மூன்று முறை ஒழுங்காக அடித்தால் அவர் பெரிய ஆட்டக்காரர். நாளைக்கும் ஆட்டம் இருக்கிறது, ஒரு சீசனில் 162.

நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் பச்சை இருக்கைகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று மட்டும் சிவப்பு. 1946இல் ரெட் சாக்ஸின் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே இருந்த ஒருவரின் வைக்கோல் தொப்பியில் விழுந்த இடம். நான் போனதற்கு முந்தின மாதம், ஜூலையில்தான் வில்லியம்ஸ் இறந்திருந்தார். பெரியவர் சிறுவயதில் அவர் ஆட்டத்தைப் பார்த்தவர். அந்த நீண்ட சிக்ஸரைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. 1941ஐப் பற்றித்தான் பேசினார். சீசனின் கடைசி நாள், வில்லியம்ஸின் சராசரி, அதாவது வாய்ப்புக்கு எத்தனை அடி என்ற கணக்கு, .39955. ஆடாமல் இருந்தால் .400 என்று கணக்கில் ஏறிவிடும். உட்கார்ந்துகொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியும் கேட்கவில்லை. பிலடெல்பியாவில் அன்று இரண்டு மேட்ச், இரண்டிலும் இறங்கி எட்டுக்கு ஆறு அடித்தார். .406. அதற்குப் பிறகு இன்றுவரை அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் இரண்டிலும் ஒருவரும் ஒரு முழு சீசனில் .400ஐத் தொடவில்லை. "456 வாய்ப்பில் 185" என்று பெரியவர் கணக்கை ஒப்பித்தார். அதாவது அந்த மகத்தான வருடத்திலும் பாதிக்கு மேல் தோற்றுத் திரும்பியிருக்கிறார். அதைச் சொல்லும்போது பெரியவர் குரலில் எவ்வளவு பெருமை!

அந்த அட்டை எழுதும் முறை எங்கிருந்து வந்தது என்று பிறகு தேடிப் படித்தேன். உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். ஹென்றி சாட்விக் என்று ஒருவர், 1824இல் இங்கிலாந்தில் பிறந்து சிறுவனாக அமெரிக்கா வந்தவர். பத்திரிகைகளுக்குக் கிரிக்கெட் செய்தி எழுதியவர். கிரிக்கெட் ஸ்கோர் எழுதும் வழக்கத்தை எடுத்துத்தான் பேஸ்பாலுக்கு ஒரு கணக்கு முறையை வளர்த்தார். மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை தவறவிட்டு, அவுட்டானவருக்குக் 'கே' என்று போடுவதும் அவர் வைத்ததுதான், 'ஸ்ட்ரக்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்து. அப்புறம், நீங்கள் போன சின்சினாட்டி. சம்பளம் வாங்கி ஆடுகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்த முதல் பேஸ்பால் அணி அந்த ஊரில்தான், 1869இல் உருவானது. அதை அமைத்த ஹாரி ரைட், ஷெஃபீல்டில் பிறந்தவர், கிரிக்கெட்காரரின் மகன். அந்த ஊருக்கே அவர் முதலில் கிரிக்கெட் கிளப்பில் சம்பளத்துக்கு ஆடத்தான் வந்தார். அந்த வருடம் அவர் அணி ஒரு மேட்சில்கூடத் தோற்கவில்லை. நீங்கள் அந்நியமாக உணர்ந்த அந்த ஊரில் நம் ஆட்டத்தின் வேர் ஒன்று இருக்கிறது, எஸ்.

சாப்பிட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் இருந்தார்கள் என்கிறீர்கள். மார்கழிக் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது கேன்டீனுக்கு எழுந்து போகிறவர்கள் நம்மிடம் இல்லையா? அதே சபையில், கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டபடி ஒரு மாமா உட்கார்ந்திருப்பார். அவர் பக்கத்து இருக்கை கிடைப்பது அதிர்ஷ்டம். எனக்கு ஃபென்வேயில் கிடைத்தது.

அடுத்த வருடம், 2003 அக்டோபரில், கோப்பைக்கான இறுதித் தொடருக்கு யார் போவது என்று நியூயார்க் யாங்கீஸோடு நடந்த தொடரின் கடைசி, ஏழாவது மேட்ச்; சமனில் நின்றதால் பதினோராவது இன்னிங்ஸ் வரை போனது. வேக்ஃபீல்ட் போட்ட பந்தை ஆரன் பூன் எல்லைக்கு வெளியே அனுப்ப, எல்லாம் முடிந்தது. 1918க்குப் பிறகு பாஸ்டன் கோப்பையைப் பார்க்கவில்லை, அன்றும் இல்லை என்றாயிற்று. தலையைத் தொங்கவிட்டுப் போன வேக்ஃபீல்டை டிவியில் பார்த்துவிட்டு இரவெல்லாம் எனக்குத் தூக்கமில்லை. 2004இல் மறுபடி அதே யாங்கீஸ். முதல் மூன்று மேட்சும் போய்விட்டன. நாலாவதைப் பிழைத்து, ஐந்தாவது மேட்ச் பதினாலு இன்னிங்ஸ் இழுத்தது. கடைசி மூன்று இன்னிங்ஸுக்கும் பந்து போட வந்தவர் அதே வேக்ஃபீல்ட். ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை. ஜெயித்தார்கள், அடுத்த இரண்டையும் ஜெயித்தார்கள். அக்டோபர் 27 இரவு, இறுதித் தொடரில் செயின்ட் லூயிஸில் கோப்பையை வென்றபோது வானத்தில் முழுச் சந்திர கிரகணம். மறுநாள் பாஸ்டன் பக்கத்தில் ஜனங்கள் இடுகாடுகளுக்குப் போய், பார்க்காமலே இறந்துபோன அப்பா, தாத்தா கல்லறைகளில் அணியின் கொடியை வைத்துவிட்டு வந்தார்கள்.

பெரியவர் அந்த இரவைப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. பார்த்திருக்க வேண்டும் என்று இருபது வருடத்துக்கு மேலாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த முறை சின்சினாட்டி போகும்போது ஒரு பென்சில் கொண்டுபோங்கள். எல்லாவற்றையும் எழுத முடியாது, கவலைப்பட வேண்டாம். பார்க்கத் தவறிய இடத்தில் 'டபிள்யூ டபிள்யூ' என்று போட்டுவிடலாம், 'பார்க்கவில்லை' என்பதற்கு ஆங்கிலச் சுருக்கம். யாங்கீஸின் ரேடியோ வர்ணனையாளராக இருந்த ஃபில் ரிஸூட்டோ தன் அட்டையில் அப்படித்தான் எழுதுவாராம். பெரியவர்தான் இதையும் சொன்னார்.

என் அட்டையில் ஆறாவது இன்னிங்ஸில் ஒரு கட்டம் மட்டும் வேறு கையெழுத்தில் இருக்கிறது. அப்போது நான் ஹாட் டாக் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். அட்டையை இருக்கையிலேயே விட்டுப் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தக் கட்டத்தில் கண்ணாடியில் தெரிவது போல் திரும்பிய ஒரு 'கே'. மட்டையை அசைக்காமலே நின்று மூன்றாவது ஸ்ட்ரைக்கை விட்டவருக்கு அப்படித் திருப்பிப் போட வேண்டும். நான் பார்க்காத பந்து. எனக்காகப் பார்த்து எழுதி வைத்திருந்தார்.

அன்புடன்.