ஒரே மரபணு மாற்றம் இருந்தும் ஒருவருக்கு முன்பே, இன்னொருவருக்குத் தாமதமாக நோய் வருவது ஏன்?

ஹன்டிங்டன் நோய் (மூளையின் நரம்புச் செல்கள் சிதையும் பரம்பரை நோய்) உள்ள குடும்பத்தில் அண்ணனுக்கு 35 வயதிலேயே கைகால் தானாக அசையத் தொடங்கிவிட்டது, தம்பி 50 தாண்டியும் நன்றாக இருக்கிறார், அது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். மரபணுப் பரிசோதனை முடிவுகளைக் குடும்பங்களுக்கு விளக்குவதுதான் என் வேலை. நான் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது. இப்போதுதான் இதற்கு உருப்படியாக ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

இந்த நோய்க்குக் காரணமான, 1993-ல் கண்டுபிடித்த மரபணுவில் சிஏஜி என்ற டிஎன்ஏவின் மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். 40 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய் வரும் என்று சொல்லலாம். எண்ணிக்கை கூடக்கூட நோயும் சீக்கிரம் வரும். ஆனால் ஒரே எண்ணிக்கை உள்ள இருவருக்குக்கூடப் பல வருட வித்தியாசம் இருக்கும்.

இந்த வித்தியாசத்தை ஆராய, ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மொத்த மரபணுத் தொகுப்பையும் ஒப்பிட்டார்கள். 2015-லும் 2019-லும் வந்த முடிவுகளில் எஃப்ஏஎன்1, எம்எல்எச்1, எம்எஸ்எச்3 போன்ற மரபணுக்கள் சிக்கின. எல்லாமே டிஎன்ஏ பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவை! எம்எஸ்எச்3 பழுதுபார்க்கப் போய் சிஏஜியை நீளமாக்கிவிடுகிறது. எஃப்ஏஎன்1 அதைத் தடுக்கிறது. பிறக்கும்போது இருந்த எண்ணிக்கை மூளையில் அப்படியே நிற்பதில்லை, வளர்கிறது. இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வேறுபடுவதால், வளரும் வேகமும் வேறுபடுகிறது.

2025-ல் ஹார்வர்ட் குழுவினர், இறந்தபின் தானமாகத் தரப்பட்ட மூளைகளில் செல் செல்லாக அளந்தார்கள். அசைவைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஸ்ட்ரையேட்டத்தின் நியூரான்களில் (நரம்புச் செல்களில்) சிஏஜி எண்ணிக்கை பல பத்தாண்டுகள் மெதுவாக வளர்கிறது, 80-ஐத் தாண்டியதும் வேகமெடுக்கிறது. ஏறக்குறைய 150 வரை செல்லுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. அதன்பிறகே சீர்குலைந்து சாகிறது. இரத்தத்தில் 42 என்று காட்டுபவரின் மூளையில் சில செல்களில் அந்த எண்ணிக்கை நூற்றுக்கணக்கில் போயிருக்கும். எனக்கு இது பெரிய நம்பிக்கை. வளர்ச்சியை மெதுவாக்கினால் நோயைத் தள்ளிப்போடலாம் என்று எம்எஸ்எச்3-ஐக் குறைக்கும் மருந்துகளுக்கு முயற்சி நடக்கிறது.

இன்னொரு விஷயம். ஒரே நேரத்தில் பல மரபணுக்களைப் படிக்கும் வழக்கமான பரிசோதனை டிஎன்ஏவைச் சுமார் 150 எழுத்துத் துண்டுகளாகப் படிப்பதால், இப்படி நீளும் பகுதிகளை எளிதில் தவறவிடும். வயதான பிறகு நடை தள்ளாடும் ஒருவகை அட்டாக்சியாவுக்கு எஃப்ஜிஎஃப்14 மரபணுவில் நீண்டுபோன, ஜிஏஏ என்ற இன்னொரு மூன்றெழுத்துத் தொடர்தான் காரணம் என்பதே 2022 கடைசியில்தான் தெரிந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது அசைவுக் கோளாறு இருந்து, பழைய அறிக்கையில் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று இருந்தால், நீளும் தொடர்களையும் பார்த்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.