எஸ்டேட் ரோட்டில் லோரிக்காரர் இடது சிக்னல் போட்டால், நம்பி முந்தலாமா?

புதிதாக லைசன்ஸ் எடுத்த தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தினமும் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் துரோலாக்கிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை பழைய ரோட்டில் வேலைக்குப் போகிறாராம். லோரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அவர்கள் வழியே விடுவதில்லை, சில பேர் இடது சிக்னல் போடுகிறார்கள், அதைப் பார்த்து முந்தலாமா என்பது அவர் கேள்வி.

நான் சிலிம் ரிவர் பக்கம் எண்ணெய் எடுக்கிற செம்பனைப் பழ லோரி ஓட்டுகிறேன், 19 வருஷம் ஆகிறது. நேராகவே சொல்லிவிடுகிறேன் தம்பி, அந்த சிக்னலை மட்டும் நம்பி வெளியே வராதீர்கள்.

லோரிக்காரர்களுக்குள் இது ரொம்ப நாளாக இருக்கிற வழக்கம். இடது சிக்னல் போட்டால் எதிரே யாரும் இல்லை, நீ போகலாம் என்று அர்த்தம். வலது சிக்னல் போட்டால் எதிரே வண்டி வருகிறது, இரு என்று அர்த்தம். நல்ல மனதோடுதான் செய்கிறோம். ஆனால் அதே இடது சிக்னலைத்தான் எஸ்டேட் மண் ரோட்டுக்குள் திரும்பும்போதும் போடுகிறோம், ஓரமாக நிறுத்தும்போதும் போடுகிறோம். வலது சிக்னல் இன்னும் மோசம், லோரி உண்மையிலேயே வலது பக்கம் திரும்பப் போகிறதாக இருந்தால் முந்துகிறவர் நேராக அதன் கதவில் போய் மோதுவார். அதனால் வலது சிக்னல் எரிந்தால், எந்த அர்த்தமாக இருந்தாலும் பின்னாலேயே இருங்கள்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2016-ல் ஒரு நாள் சாயங்காலம், நாலு மணி இருக்கும், பழம் ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் செம்பனை, நேரான ரோடு, என் வேகம் 50. ஒரு வெள்ளை மைவி காடி (சின்னக் கார்) மூன்று நான்கு கிலோமீட்டராகப் பின்னாலேயே வந்தது, பாவமாக இருந்தது. எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஒன்றும் இல்லை, இடது சிக்னல் போட்டேன். மைவி வெளியே வந்து என் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கும்போது என் கெலிண்டான் பையன் (லோரி உதவியாள்) கத்தினான், "அண்ணே, மோட்டார்!" வலது பக்கம் இருந்த எஸ்டேட் ரோட்டிலிருந்து ஒரு பெரியவர் மோட்டார் சைக்கிளில் வெளியே வந்து எங்களை நோக்கித் திரும்பிவிட்டார். அவர் தன் வலது பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்தார், அந்தப் பக்கம் காலி. தான் ஏறப்போகிற லேனில் இடது பக்கத்திலிருந்து ஒரு காடி வரும் என்று அவர் எப்படி நினைப்பார்?

பிரேக்கை மிதித்து இடது சக்கரத்தை மண்ணில் இறக்கினேன். மைவி எனக்கு முன்னால் கிடைத்த இடத்தில் நுழைந்துவிட்டது. பெரியவர் மோட்டாரைக் கால்வாய் ஓரப் புல்லில் விட்டுவிட்டார். முழங்கை தேய்ந்தது, வேறு ஒன்றும் இல்லை. பின்னால் கட்டி வந்த வாழை இலைக் கட்டு அவிழ்ந்து ரோடு முழுக்கப் பச்சையாகக் கிடந்தது. மைவியிலிருந்து இறங்கி வந்த பையனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, நீங்கதானே சிக்னல் போட்டீங்க?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து யாருக்கும் போகச் சொல்லி சிக்னல் போடுவதில்லை.

சரி, அப்புறம் எப்படித்தான் முந்துவது? முதலில் கணக்கைப் பாருங்கள். லோரி 60-ல் போகிறது, நீங்கள் 80-ல் முந்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் வெறும் 20. லோரியின் நீளம், பின்னால் விட்ட இடைவெளி, முன்னால் திரும்ப நுழைய வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்து 60 மீட்டராவது வரும், அதைக் கடக்கக் கிட்டத்தட்ட 11 விநாடி ஆகும். அந்த 11 விநாடியில் நீங்கள் 240 மீட்டர் ஓடியிருப்பீர்கள், எதிரே 90-ல் வருகிறவர் 275 மீட்டர் ஓடியிருப்பார். அதாவது ஆரம்பிக்கும்போதே அரை கிலோமீட்டருக்கு மேல் காலியாகத் தெரிய வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கத்து வளைவுகளில் அவ்வளவு தூரம் தெரிகிற இடம் குறைவுதான், அதனால்தான் முந்தக் கூடாது என்று இரட்டைக் கோடு போட்டிருக்கிறார்கள். கோடு இல்லாத நேர் ரோட்டிலும் எஸ்டேட் சந்தி இருக்கிறதா என்று பாருங்கள். செம்பனை வரிசை நடுவே ஒரு இடைவெளி, ரோட்டில் செம்மண் டயர் தடம், இரண்டும் தெரிந்தால் அங்கே ஒரு வழி இருக்கிறது.

லோரியின் வாலை ஒட்டிக்கொண்டு வருவதால் ஒரு பயனும் இல்லை. ஒட்டினால் உங்களுக்கு முன்னால் ஒன்றும் தெரியாது, எனக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். என் பக்கக் கண்ணாடி உங்கள் கண்ணுக்குப் படவில்லை என்றால் என் கணக்கில் நீங்கள் அங்கே இல்லை. மூன்று நான்கு விநாடி இடைவெளி விட்டு வந்தால் ரோடு தெரியும், வேகம் எடுக்கவும் இடம் கிடைக்கும். இடது பக்கமாக மட்டும் நுழையவே நுழையாதீர்கள். நாங்கள் உட்கார்ந்திருப்பது வலது பக்கம், இடது கதவுக்குக் கீழே ஒரு மோட்டார் என்ன, முழுக் காடியே நின்றாலும் தெரியாது. முந்தின பிறகு, உங்கள் உள் கண்ணாடியில் லோரியின் இரண்டு முன்விளக்கும் தெரியும்வரை உள்ளே வராதீர்கள். வந்ததும் உடனே பிரேக் போடாதீர்கள். பழம் ஏற்றினால் என் லோரி 20 டன்னுக்கு மேல், உங்கள் காடி நிற்கிற தூரத்தில் அது நிற்காது. இன்னொன்று, எங்களுக்குப் பின்னால் வளைவுகளில் வரும்போது தரையைப் பாருங்கள். வலை போட்டிருந்தாலும் உதிரிப் பழம் விழும், சக்கரம் ஏறி நசுங்கினால் எண்ணெய், அதில் மழைத் தூறலும் சேர்ந்தால் மோட்டார்காரர்கள் விழுந்துவிடுவார்கள்.

வழி விடுவதில்லை என்ற குறை எங்கள் மேல் இருப்பது நியாயம்தான், எங்களில் பிடிவாதம் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் ஒதுங்க இடம் இருக்காது. தார் முடிகிற இடத்தில் நாலு அங்குலப் பள்ளம், மழைக்குப் பிறகு மண் இளகியிருக்கும், அதில் பாரத்தோடு சக்கரம் இறங்கினால் லோரி சாயும். வெட்டிய பழம் 24 மணி நேரத்துக்குள் மில்லுக்குப் போக வேண்டும் என்ற அவசரமும் உண்டு, தாமதமானால் கொழுப்பமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கிவிடும். அந்த அவசரத்தை ரோட்டில் காட்டுவது தப்பு, அதை என் சக ஓட்டுநர்களுக்கும் சொல்கிறேன்.

பிளஸ் நெடுஞ்சாலையில் ஒரு லோரி இன்னொரு லோரியை முந்திக்கொண்டே இருக்கிறது என்று எரிச்சல்படுகிறவர்களும் உண்டு. 85-ல் போகிற லோரியை 90-ல் போகிற லோரி கடக்க ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும், 50 விநாடி ஆகும், அதுவரை வலது லேனில் காடிகள் வரிசையாக நிற்கும். இதில் காடிக்காரர் செய்ய ஒன்றும் இல்லை, முந்தப்படுகிற லோரிக்காரர்தான் காலைக் கொஞ்சம் தூக்க வேண்டும். நான் தூக்குவேன். பத்து விநாடி போனால் போகிறது.

இப்போதெல்லாம் பின்னால் மூன்று காடி சேர்ந்துவிட்டால், பஸ் நிற்கிற இடமோ பெட்ரோல் நிலையத்து முகப்போ வரும்வரை பார்ப்பேன். அங்கே லோரியைத் தார் மேலேயே ஓரம் கட்டி வேகத்தை 30-க்கு இறக்குவேன். போகலாமா வேண்டாமா என்று நீங்கள் பார்த்து முடிவு செய்யலாம், கையை மட்டும் காட்ட மாட்டேன். கடந்து போகிறவர்கள் ஒரு கையைத் தூக்கிவிட்டுப் போவார்கள், கெலிண்டான் பையன் பதிலுக்குத் தூக்குவான்.