ஹோவர்ட் பல்கலைக்கழகமும் வாஷிங்டனும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் கல்விக்கென எழுந்த பல்கலைக்கழகங்கள் நடுவண் அரசோடு எவ்வாறு உறவாடுகின்றன என்பது குறித்து உறுப்பினர்கள் அனுப்பியிருந்த கேள்விகளை ஒன்றாக எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலானோர் வாஷிங்டனிலுள்ள ஹோவர்டைப் பற்றியே கேட்டிருப்பதால் அங்கிருந்தே தொடங்கலாம்.

கேள்வி: ஹோவர்ட் ஒரு தனியார் பல்கலைக்கழகம் என்கிறார்கள். அப்படியானால் ஆண்டுதோறும் நடுவண் அரசின் நிதிஒதுக்கீட்டுச் சட்டத்தில் அதன் பெயர் எப்படி இடம்பெறுகிறது?

பதில்: தனியார் பல்கலைக்கழகம்தான், ஆனால் அதைப் பிறப்பித்தது அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ். உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டாண்டுகள்கூட நிறையாத நிலையில், 1867 மார்ச் 2 அன்று அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் கையெழுத்திட்ட சட்டமே அதன் பட்டயம், அதாவது அதை நிறுவிய ஆவணம். விடுதலை பெற்ற அடிமைகளின் நலனுக்கென அரசு அமைத்திருந்த துறையின் தலைவர் தளபதி ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டின் பெயரே பல்கலைக்கழகத்துக்கு வைக்கப்பட்டது. 1879இல் காங்கிரஸ் முதன்முறையாக 10,000 டாலர் ஒதுக்கியது. பிற்காலத்தில், இந்தத் தொகையை வழங்க நிலையான சட்ட அனுமதி இல்லையே என்று அவையில் எவரேனும் எழுந்து ஒழுங்குப் பிரச்சினை கிளப்பினால் ஒதுக்கீடே விழுந்துவிடக்கூடிய நிலை இருந்தது. 1928 டிசம்பரில் பட்டயம் திருத்தப்பட்ட பிறகுதான் அந்தக் கத்தி தலைக்கு மேலிருந்து அகன்றது. அந்தத் திருத்தம், கட்டுமானத்துக்கும் பராமரிப்புக்கும் வளர்ச்சிக்கும் ஆண்டுதோறும் நிதி வழங்கலாம் என்று அனுமதித்ததோடு, அதில் ஒரு காசும் சமயப் போதனைக்குச் செல்லக் கூடாது என்றும், அரசின் கல்வித்துறை ஆண்டுக்கு ஒரு முறையேனும் பல்கலைக்கழகத்தை ஆய்வு செய்ய வேண்டும் என்றும் விதித்தது. ‘வழங்கலாம்’ என்பதுதான் அங்குள்ள சொல், ‘வழங்க வேண்டும்’ அன்று. ஆகவே தொகை எவ்வளவு என்பது இன்றும் ஆண்டுதோறும் காங்கிரஸின் ஒதுக்கீட்டுக் குழுக்களில்தான் முடிவாகிறது.

கேள்வி: அங்குள்ள மருத்துவமனைக்கும் அரசு பணம் தருகிறதா?

பதில்: ஆம். 1862இல் தோன்றிய ஃபிரீட்மென்ஸ் மருத்துவமனை நெடுங்காலம் நடுவண் அரசின் கையில் இருந்தது. 1967இல் ஹோவர்டிடம் ஒப்படைக்கப்பட்டது. மருத்துவமனைக்கான தொகை ஒதுக்கீட்டுச் சட்டத்தில் தனியே குறிப்பிடப்படுகிறது.

கேள்வி: மற்ற கறுப்பினப் பல்கலைக்கழகங்களுக்கும் இந்த ஏற்பாடு உண்டா?

பதில்: இல்லை. ஹோவர்டை வைத்து ஏனையவற்றை எடைபோடுவது பலரும் செய்யும் பிழை. பின்னர் திருத்தப்பட்ட 1965ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டம், 1964க்கு முன் நிறுவப்பட்டு, கறுப்பின அமெரிக்கர்களின் கல்வியை முதன்மை நோக்கமாகக் கொண்டிருந்த, தரச்சான்று பெற்ற நிறுவனங்களை ஒரு தனி வகையாக வரையறுத்தது. நூறையொட்டிய எண்ணிக்கையிலுள்ள இந்த நிறுவனங்கள் அச்சட்டத்தின் மூன்றாம் தலைப்பின்கீழ் நிதி பெறுகின்றன. அந்த உதவியின் ஒரு பகுதி 2019 செப்டம்பர் இறுதியில் காலாவதியானபோது, பல்கலைக்கழகத் தலைவர்களும், அவர்களுக்காக வாஷிங்டனில் பேசும் கூட்டமைப்புகளும் இரு கட்சி உறுப்பினர்களையும் விடாமல் அணுகினார்கள். அதன் பயனாக அதே ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டம், சிறுபான்மையினருக்குப் பணியாற்றும் நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு 25.5 கோடி டாலரை நிரந்தரமாக்கியது, அதில் 8.5 கோடி கறுப்பினக் கல்லூரிகளுக்குரியது. காலக்கெடு இல்லாத ஒதுக்கீடு என்பது, தொகை சிறிதானாலும், திட்டமிடும் ஒரு கல்லூரிக்குப் பெரிய வரம் என்றே நான் கருதுகிறேன்.

கேள்வி: மாநில அரசுகள் கொடுக்காததை நடுவண் அரசு ஈடுகட்டுகிறதா?

பதில்: இந்த விவகாரத்தின் முடிச்சே இதுதான். 1862இன் மோரில் சட்டம் மாநிலங்களுக்கு நிலம் கொடுத்து வேளாண், பொறியியல் கல்லூரிகளை உருவாக்கியது. தெற்கில் அவை பெரும்பாலும் வெள்ளையருக்கே கதவு திறந்தன. 1890இன் இரண்டாம் சட்டம், கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும், அல்லது அவர்களுக்கெனத் தனிக் கல்லூரி வைத்து நிதியை நியாயமாகப் பிரிக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. தென்மாநிலங்கள் இரண்டாவது வழியைப் பிடித்துக்கொண்டன. ‘நியாயமாக’ என்ற சொல்லை மட்டும் மறந்துவிட்டன. இன்று இந்தப் பிரிவில் 19 நிறுவனங்கள் உள்ளன. ஆராய்ச்சிக்கும், அதை உழவர்களிடம் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணிக்கும் நடுவண் அரசு தரும் தொகைக்கு மாநிலம் இணையான பங்கு போட வேண்டும். மாநிலம் போடாது என்று தெரிந்தால், அந்தப் பங்கில் பாதிக்கு மேலுள்ள பகுதியை வேளாண் துறைச் செயலர் தள்ளுபடி செய்யலாம். கல்லூரிக்கு வரும் நடுவண் பணம் நின்றுவிடாமல் காப்பதற்காகச் செய்யப்பட்ட இந்தத் தள்ளுபடி, மாநிலம் தன் கடமையிலிருந்து நழுவும் வாயிலாகவும் ஆகிவிட்டது. 2023 செப்டம்பரில் கல்வித்துறை, வேளாண்துறைச் செயலர்கள் இருவரும் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதி, 1987 முதல் 2020 வரை இந்தக் கல்லூரிகளுக்குச் சேராமல்போன தொகை 1,200 கோடி டாலருக்கும் மேல் என்று கணக்குக் காட்டினார்கள். டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சுமார் 210 கோடி. கணக்கைக் காட்ட முடிந்ததே தவிர, கடிதத்தால் வசூலிக்க முடியாது.

கேள்வி: அரசு மானியத்தை வைத்தே, தங்களுக்குச் சாதகமாக முடிவெடுக்கும்படி அரசிடம் பரிந்து பேச முடியுமா?

பதில்: கூடாது. நடுவண் மானியப் பணத்தை அதற்குச் செலவிடுவதைச் சட்டம் தடுக்கிறது. வேறு வருவாயிலிருந்து செலவிடலாம். குறித்த அளவைத் தாண்டினால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளிப்படையாக அறிக்கை தர வேண்டும்.

கேள்வி: கமலா ஹாரிஸ் போன்றவர்கள் உயர்ந்த பதவிக்கு வந்ததால்தான் இந்த உதவிகள் வந்தனவா?

பதில்: சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் 1986இல் ஹோவர்டில் பட்டம் பெற்றவர் என்பதால் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பே. ஆனால் காலவரிசை வேறு கதை சொல்கிறது. இந்தக் கல்லூரிகளுக்கான முதல் நிர்வாக ஆணையை 1980இல் ஜனநாயகக் கட்சி அதிபர் கார்ட்டர் பிறப்பித்தார். மறு ஆண்டே குடியரசுக் கட்சி அதிபர் ரீகன் தம் ஆணையை வெளியிட்டார். முன்சொன்ன 2019 சட்டத்தில் கையெழுத்திட்டவர் டிரம்ப். கல்லூரிகளின் கட்டடக் கடனில் சுமார் 130 கோடி டாலரைத் தள்ளுபடி செய்த சட்டம் 2020 டிசம்பரில் நிறைவேறியது. எந்தக் கட்சி ஆண்டாலும் பேச வேண்டும் என்பதை இந்தக் கல்லூரிகள் வெகுகாலத்துக்கு முன்பே கற்றுக்கொண்டன.

கேள்வி: பணம் கொடுப்பவர் வாயை அடைக்க மாட்டாரா?

பதில்: இரண்டும் நடந்திருக்கின்றன. கறுப்பின வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹியூஸ்டன் செதுக்கிய ஹோவர்ட் சட்டக்கல்லூரியில் 1933இல் பட்டம் பெற்ற தர்குட் மார்ஷல்தான், 1954இல் பள்ளிகளின் நிறப் பிரிவினையை வீழ்த்திய வழக்கை நடத்திய வழக்கறிஞர்களுக்குத் தலைமை தாங்கினார். நடுவண் பணம் அதைத் தடுக்கவில்லை. ஆனால் 1944 ஏப்ரலில், சட்டமாணவி பாலி மரேயும் தோழர்களும் வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கு உணவு பரிமாற மறுத்த ஓர் உணவகத்தில் அமர்ந்து போராடி வெற்றியும் பெற்றபோது, போராட்டத்தைத் தொடர வேண்டாம் என்று பல்கலைக்கழக நிர்வாகமே கேட்டுக்கொண்டது. நிறவெறியில் பேர்போன மிசிசிப்பி செனட்டர் பில்போவைப் போன்றவர்கள் அமர்ந்திருந்த அவையிலிருந்துதான் அடுத்த ஆண்டின் ஒதுக்கீடும் வர வேண்டியிருந்தது.