கேள்வி-பதில்: பழைய ராணுவத் துப்பாக்கிக்கு எந்தக் காலிபர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு உலகப்போர்களின் காலத்து ராணுவத் துப்பாக்கிகளைப் பற்றியவை. அமெரிக்காவிலும் கனடாவிலும் வாழும் வாசகர்கள் எழுதியவைதான் மிகுதி. இடம் கருதிச் சுருக்கியிருக்கிறேன். காலிபர் என்பது குழல் துளையின் அளவு; எந்தத் தோட்டா அதில் போகும் என்பதையும் அந்தச் சொல்லாலேயே குறிப்போம்.

கே: முதன்முறையாகப் பழைய ராணுவத் துப்பாக்கி வாங்கப்போகிறேன். மோசின்-நாகன்ட், ஜெர்மன் கே98 மௌசர், ஸ்வீடன் மௌசர், லீ-என்ஃபீல்டு நான்கும் கண்ணில் பட்டன. மாதம் ஒருமுறை சுடுதளத்துக்குப் போவேன். எதை வாங்கலாம்? — டாலஸ் வாசகர்

ப: ஸ்வீடன் மௌசர். காரணம் துப்பாக்கியின் அழகல்ல, அதற்குள் போகும் 6.5×55 தோட்டா (முதல் எண் காலிபர், இரண்டாவது உறையின் நீளம், இரண்டும் மி.மீ.). 1890களில் பிறந்த அந்தத் தோட்டாவை இன்றும் வேட்டைக்காரர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அதனால் இன்றும் புதிதாகத் தயாராகிறது. தோளில் உதை குறைவு, குறி துல்லியம். துப்பாக்கிக்குப் பணம் கொடுப்பது ஒரே நாள். தோட்டாவுக்குச் சுடுகிற நாளெல்லாம் கொடுக்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் கடைக்குள் நுழையாதீர்கள்.

மோசின் நூறு டாலருக்குள் கிடைத்த காலம் ஒன்று இருந்தது. அந்த விலையும் போய்விட்டது, ராணுவம் கழித்துவிட்ட மலிவான உபரித் தோட்டாப் பெட்டிகளும் போய்விட்டன. 2021இல் ரஷ்யத் தோட்டாக்களுக்குப் புதிய இறக்குமதி அனுமதி தருவதை அமெரிக்க அரசு நிறுத்திய பிறகு மோசினின் 7.62×54ஆர் தோட்டாவும் பையைக் கடிக்கிறது. லீ-என்ஃபீல்டின் .303 (இது அங்குலக் கணக்கு) நல்ல தோட்டாதான். ஆனால் சேற்றிலும் தூசியிலும் இயங்க வேண்டும் என்பதற்காக அந்தத் துப்பாக்கிகளின் தோட்டா அறையை, அதாவது தோட்டா உட்காரும் குழலின் பின்பகுதியை, தாராளமாகக் கடைந்திருப்பார்கள்; பித்தளை உறை நீண்டு சீக்கிரம் வீணாகும். உறையில் மீண்டும் மருந்து நிரப்பிப் பயன்படுத்துகிறவர்களுக்கு அது நஷ்டம். கே98இன் 8 மி.மீ. மௌசர் தோட்டா பற்றிக் கீழே வேறொருவர் கேட்டிருக்கிறார்.

ஸ்வீடன் துப்பாக்கியின் பின்கட்டையில் பித்தளை வட்டு பதிந்திருந்தால் குழலின் நிலை அதில் குறிக்கப்பட்டிருக்கும். அது அந்த நாட்டு ராணுவம் கடைசியாகச் சோதித்தபோது இருந்த நிலை. விளக்கு அடித்துக் குழலுக்குள் நீங்களே பாருங்கள்.

கே: எச்-1பி விசாவில் இருக்கிறேன். பழைய துப்பாக்கி சேகரிக்க ஆசை. குடியுரிமை பெற்ற நண்பர் பெயரில் வாங்கி என் வீட்டில் வைத்துக்கொள்ளலாமா? — நியூஜெர்சி வாசகர்

ப: கூடாது. தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. உங்களுக்காக நண்பர் தன் பெயரில் வாங்கினால் அது தனிக் குற்றம், அவரும் சேர்ந்து மாட்டுவார். குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு டாலர்கூடச் செலவழிக்க வேண்டாம்.

கே: 440 தோட்டாக்கள் கொண்ட பழைய சோவியத் தகரப் பெட்டி வாங்கினேன். சுட்டுவிட்டு மோசினை அப்படியே அலமாரியில் வைத்தேன். ஒரே வாரத்தில் குழல் துருப்பிடித்துவிட்டது. விற்றவர் மீது வழக்குப் போடலாமா? — ஹூஸ்டன் வாசகர்

ப: போட முடியாது. போடவும் கூடாது. அந்தக் காலத்து ராணுவத் தோட்டாவின் கேப்பில் (மருந்தைப் பற்றவைக்கும் அடிப்பகுதிச் சிமிழில்) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். வெடித்தபின் அது பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பாகக் குழலில் படியும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும், ஹூஸ்டன் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எண்ணெயில் உப்பு கரையாது. சுட்ட அன்றே வெந்நீர் ஊற்றிக் குழலையும், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்தையும் கழுவி, நன்றாகத் துடைத்து, பிறகு எண்ணெய் போட வேண்டும். இதைச் சொல்லாத கையேடு கிடையாது, சொல்லாத கடைக்காரரும் அரிது. வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நீங்கள் கேட்டது விலையை மட்டும்.

கே: ஐயா, ஜப்பானிய டைப் 99 அரிசாகாவை ஏலத்தில் வாங்கினேன். விளம்பரத்தில் '7.7 ஜப்பான், சுடுவதற்குத் தயார்' என்று இருந்தது. தேடிப் பிடித்து 7.7 தோட்டா வாங்கிச் சுட்டேன். வெளியே வந்த உறையின் தோள் (கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) முன்னே தள்ளப்பட்டுக் கழுத்து குட்டையாகி, பக்கவாட்டில் விரிசலும் விட்டிருந்தது. முகத்தில் சூடான புகை அடித்தது. விற்றவர் 'உள்ளது உள்ளபடி விற்றேன்' என்கிறார். என் தவறா? — ஒஹாயோ வாசகர்

ப: உங்கள் தவறு இல்லை. கண்ணாடி அணிந்திருந்தீர்கள் என்று நம்புகிறேன். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

உங்கள் துப்பாக்கியின் தோட்டா அறையை யாரோ அமெரிக்க ராணுவத்தின் .30-06 தோட்டாவுக்காக நீட்டிக் கடைந்திருக்கிறார்கள். போருக்குப் பிறகு அமெரிக்கக் கடைகளில் 7.7 கிடைக்கவில்லை, .30-06 எங்கும் கிடைத்தது. அதனால் பல பட்டறைகள் இதைச் செய்தன. கொரியப் போர்க் காலத்தில் தென்கொரியாவுக்காகவும் டைப் 99களை இப்படி மாற்றினார்கள். 7.7இன் உறை 58 மி.மீ. நீளம், .30-06இன் உறை 63 மி.மீ. நீண்ட அறைக்குள் குட்டை உறை தாங்குதல் இல்லாமல் நிற்கும். வெடிக்கும்போது உறை அறையின் அளவுக்கு ஊதும், கிழியும். இதே கதை ஜப்பானின் முந்தைய துப்பாக்கியான டைப் 38க்கும் உண்டு: அதன் 6.5 அறையை .257 ராபர்ட்ஸ் உறைக்குப் பொருந்தும்படி பலர் மாற்றினார்கள்.

மாற்றியது குற்றமில்லை. மாற்றிய பிறகு குழலின் மேல் புதிய காலிபரை முத்திரை குத்தாமல் விட்டதுதான் குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், தெரிந்தோ தெரியாமலோ பழைய பெயரைச் சொல்லி விற்பது. சந்தேகம் இருந்தால் 'காலிபர் சோதிக்கப்படவில்லை' என்று எழுதுவதற்கு எவ்வளவு மை செலவாகும்? ஒரு கண்காட்சியில் நான் வாங்கிய 98 மௌசரும் இப்படித்தான் வந்தது. '8 மி.மீ.தான், நானே சுட்டிருக்கிறேன்' என்று விற்றவர் அடித்துச் சொன்னார். தோட்டா அறையின் அச்சு எடுத்துப் பார்த்தபோது அது 8 மி.மீ.-06, அதாவது .30-06 உறையின் கழுத்தை விரித்து 8 மி.மீ. குண்டு வைப்பதற்காக மாற்றிய அறை. அதற்கான தோட்டா கடையில் கிடைக்காது, கையால்தான் செய்துகொள்ள வேண்டும். அவரே சுட்டிருந்தால் உறையின் உருவம் மாறியதைக் கண்டிருப்பார். பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தணியவில்லை.

இனி செய்ய வேண்டியது: துப்பாக்கியை மீண்டும் சுடாதீர்கள். துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து அறையின் அச்சு எடுக்கச் சொல்லுங்கள். கொதிநீரின் சூட்டுக்கும் கீழேயே உருகும் ஒரு உலோகக் கலவையை அறையில் ஊற்றி, இறுகியதும் எடுத்து அளப்பார்கள். அந்த அளவை எழுத்தில் வாங்குங்கள். ஏல விளம்பரத்தின் படத்தையும் விரிசல் விட்ட உறையையும் பத்திரப்படுத்துங்கள். '7.7' என்று விளம்பரத்தில் எழுதினால் அது பொருளைப் பற்றிய உத்தரவாதம். 'உள்ளது உள்ளபடி' என்று கீழே சேர்ப்பதால் மட்டும் அந்த உத்தரவாதம் அழிந்துவிடாது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், ஏல நிறுவனத்துக்கும் பிரதி அனுப்புங்கள். மறுத்தால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போங்கள். விட்டுவிடாதீர்கள்.

கே: 1888 மாடல் ஜெர்மன் ராணுவத் துப்பாக்கி. கடையில் வாங்கிய 8 மி.மீ. மௌசர் தோட்டா சரியாக உள்ளே போகிறது. சுடலாமா? — பென்சில்வேனியா வாசகர்

ப: உள்ளே போவது அனுமதி ஆகாது. 1888இன் குண்டு .318 அங்குலம். 1905 வாக்கில் ஜெர்மனி .323 அங்குலக் குண்டுக்கு மாறியது, அழுத்தமும் கூடியது. இந்தக் குழப்பத்துக்குப் பயந்துதான் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் இன்றும் 8 மி.மீ. தோட்டாவை வலுக்குறைவாக நிரப்புகிறார்கள். ஐரோப்பியத் தயாரிப்புகள் முழு வலுவில் வரும். குழலை அளக்காமல் இரண்டையுமே சுடாதீர்கள். கே98 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது .323தான்.

கே: இஷாப்பூர் 2ஏ1 ஒன்று விலைக்கு வருகிறது. .303 துப்பாக்கியைத் துளை மாற்றியது, ஆபத்து என்கிறார்கள். உண்மையா? .308 வேட்டைத் தோட்டா போடலாமா? — டொரன்டோ வாசகர்

ப: உண்மையில்லை. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62×51 நேட்டோ தோட்டாவுக்கென்றே, வலுவான எஃகில், புதிதாகச் செய்த துப்பாக்கி அது. லீ-என்ஃபீல்டின் உருவம் இருப்பதால் பழையதைத் திருத்தியது என்று பேசுகிறார்கள். .303இன் சரிவான மேகசினுக்குப் பதிலாகச் சதுரமான பெட்டி மேகசின் இருக்கும், குறி பார்க்கும் பின்குறியின் அளவுகோல் 800 மீட்டரோடு நிற்கும். இந்த இரண்டையும் பார்த்து வாங்குங்கள். நம்மூர்த் தொழிலாளிகள் செய்த ஒழுங்கான வேலை. எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

தோட்டா விஷயத்தில் நேட்டோ 7.62ஓடு நில்லுங்கள். .308 பார்ப்பதற்கு அதேதான். ஆனால் நேட்டோ அறை சற்று நீளமாகக் கடையப்படுவது, .308இன் உறையோ பொதுவாக மெல்லியது. எதைச் சுடுவதானாலும் முதலில் ஹெட்ஸ்பேஸை, அதாவது போல்ட்டுக்கும் அறையில் உறை முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளியை, அளவுகோல் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கே: அமெரிக்காவில் இருக்கும் தெரிந்தவர் பழைய .303 ஒன்றை அனுப்பித் தருவதாகச் சொல்கிறார், முன்பணம் கேட்கிறார். தோட்டத்துக்குக் காவலுக்கு ஆகும். வாங்கலாமா? — கோயம்புத்தூர் வாசகர்

ப: முன்பணம் கொடுக்காதீர்கள். .303, 7.62 இரண்டும் இந்திய ஆயுத விதிகளில் தடை செய்யப்பட்ட காலிபர்கள். சாதாரண உரிமத்தில் வராது. உரிமம் உள்ள விவசாயி வாங்கக்கூடியது அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .315. ராணுவத் தோட்டா பொருந்தக்கூடாது என்பதற்காகவே அந்தக் காலிபர். உங்களுக்கு அனுப்புவதாகச் சொல்பவர் ஒன்று சட்டம் தெரியாதவர், அல்லது உங்களை ஏமாற்றுகிறவர்.

கே: ஸ்பிரிங்ஃபீல்டு 1903, வரிசை எண் ஆறு லட்சத்துச் சொச்சம். .30-06. பார்க்கப் புதிதுபோல் இருக்கிறது. சுடலாமா? — அலபாமா வாசகர்

ப: சுடாதீர்கள். ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் செய்தவற்றில் 8,00,000க்குக் கீழும், ராக் ஐலண்டு தொழிற்சாலையில் செய்தவற்றில் 2,85,507க்குக் கீழும் எண் உள்ளவற்றின் எஃகு தவறாகச் சூடேற்றப்பட்டது. சில உடைந்து சிதறியிருக்கின்றன. தோட்டாவை மாற்றினாலும், குழலை மாற்றினாலும் அந்த எஃகு மாறாது.